கீமோவும் கொரோனாவும்

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கொரோனாவுக்குப் பயந்து கீமோவைத் தள்ளிப் போடலாமா?

பதில்: நீங்களாகத் தள்ளிப் போடாதீர்கள். தடுப்பூசி வராத 2020-இல், தொற்று கண்ட 800 புற்றுநோயாளிகளை பிரிட்டனில் ஆராய்ந்தார்கள். 28 சதவீதம் பேர் இறந்தனர், பயமுறுத்தும் கணக்குதான். ஆனால் உயிரைப் பறித்ததில் முதுமை, இதயநோய், ரத்த அழுத்தம் ஆகியவற்றின் பங்கே பெரிது. முந்தைய 4 வாரங்களில் கீமோ எடுத்த ஒரே காரணத்தால் இறப்பு கூடவில்லை. ரத்தப் புற்றுநோய் வேறு கதை: சில ரத்தப் புற்றுநோய்களுக்குத் தரும் ரிட்டுக்ஸிமாப் மருந்தைப் போட்டவர்களுக்குப் பல மாதங்கள் தடுப்பூசியே சரியாகப் பிடிக்காது.

கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கொரோனா பரிசோதனையோடு நியூட்ரோஃபில் (கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணு) எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கையில் வரும் பாக்டீரியா தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும்.