குழந்தை பெயரில் வீட்டை எழுதி வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. கடலூர் சிப்காட்டில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன வருடம் கூத்தப்பாக்கத்தில் வீடு வாங்கினேன். கிரையம் என் பெயரில் மட்டும். வங்கிக் கடன் 28 லட்சம், 20 வருடம். மீதிக்கு அப்பா குறிஞ்சிப்பாடி பக்கம் இருந்த முந்திரித் தோப்பை விற்று 8 லட்சம் கொடுத்தார். ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். பக்கத்துத் தெருவில் என் வயதுக்காரர் ஒருவர் பைக் விபத்தில் இறந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பத்திரம் எழுதுபவர் ஒருவர், “வீட்டைக் குழந்தை பேருக்கு செட்டில்மெண்ட் போட்டுடுங்க, அப்புறம் யாராலும் தொட முடியாது, எல்லாம் சேர்த்து 65 ஆயிரம்” என்கிறார். மாமனாரும் அதையே சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அந்த 65 ஆயிரத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், அதில் கொஞ்சம் வேறு வேலைக்குத் தேவைப்படும்.

முதல் குழந்தை பிறந்த வருடத்தில் மஞ்சக்குப்பத்தில் என் அலுவலகப் படியேறும் அப்பாக்களில் பாதிப்பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பயந்த மனிதரைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடுகிறது.

“யாராலும் தொட முடியாது” என்று அவர் சொன்னது உண்மை. அந்த “யாராலும்” என்பதில் நீங்களும் சேர்த்தி, அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். செட்டில்மெண்ட் என்பது நீங்கள் உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரம்; அது பதிவான நிமிஷத்தில் வீடு உங்கள் மகளுடையது. நீங்கள் அதில் குடியிருக்கும் கார்டியன், அவ்வளவுதான். மனம் மாறிவிட்டது என்று நீங்களாகப் போய் ரத்து செய்ய முடியாது. (அறுபது தாண்டிய பெற்றோருக்கு ஒரு வழி உண்டு. உங்களுக்கு அதற்கு இன்னும் 29 வருடம் இருக்கிறது.)

இன்னும் நான்கு வருடத்தில் கம்பெனி உங்களை ஓசூருக்கு மாற்றுகிறது, இந்த வீட்டை விற்று அங்கே வாங்கலாம் என்று நினைக்கிறீர்கள் என்று வையுங்கள். மைனர் பெயரில் உள்ள வீட்டை அப்பாவே ஆனாலும் கோர்ட் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. 1956-ஆம் வருட இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டத்தின் 8-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. மனு போட வேண்டும். விற்பது குழந்தைக்கு அவசியம் அல்லது தெளிவான லாபம் என்று நீதிபதிக்குக் காட்ட வேண்டும். அனுமதி கிடைத்தாலும் குழந்தையின் பணத்தை மேஜர் ஆகும்வரை தேசிய வங்கியில் டெபாசிட் போடச் சொல்வதுதான் வழக்கம். அப்புறம் ஓசூர் வீட்டை எதை வைத்து வாங்குவீர்கள்?

அனுமதி இல்லாமல் விற்றால்? மகள் 18 முடிந்த பிறகு மூன்று வருடத்துக்குள் அந்தக் கிரையம் செல்லாது என்று வழக்குப் போடலாம். உங்கள் மகள் போடமாட்டாள், சரி. வாங்க வருகிறவரின் வக்கீலுக்கு உங்கள் மகளைத் தெரியாதே. மைனர் பெயரைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிடுவார்.

இதற்கெல்லாம் மேலே, உங்கள் மூலப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அடமானம் அதில் ஏறியிருக்கும். வங்கியைக் கேட்காமல் செட்டில்மெண்ட் போட்டால் கடன் ஒப்பந்தத்தை மீறியதாகும். கடனும் ஒரு ரூபாய் குறையாது. இது பத்திரம் எழுதுபவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய கணக்கு இது. ஆக வீட்டின் மதிப்பு எவ்வளவானாலும் இந்த இரண்டும் சேர்ந்து 50 ஆயிரத்தைத் தாண்டாது. மீதி 15 ஆயிரம் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். “ஆபீஸ் செலவு சார்” என்பார். எந்த ஆபீஸ் என்று நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, எதுவுமே எழுதாமல் விட்டுவிடலாமா? அதுவும் கூடாது.

நீங்கள் இந்து என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். கிறிஸ்தவர், முஸ்லிம் என்றால் பங்கு மாறும். புதுச்சேரிப் பக்கம் 1881 ஆணைப்படி பிரெஞ்சு சட்டத்துக்கு மாறிய ரெனோன்சாந்த் குடும்பம் என்றால் கதையே வேறு. உயில் எழுதாமல் நீங்கள் இறந்தால் வீடு மூன்று சம பங்காகும்: மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, உங்கள் அம்மாவுக்கு ஒன்று. அப்பாவுக்கு? ஒன்றுமில்லை. மகன் விஷயத்தில் அம்மா முதல் வகுப்பு வாரிசு, அப்பா இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் இரண்டாம் வகுப்புக்கு ஒரு பைசா வராது. தோப்பை விற்றுக் கொடுத்தவர் அவர்தான் என்பது இந்தக் கணக்கில் வராது.

மகளுக்கு வரும் மூன்றில் ஒரு பங்கால் அதே மைனர் தலைவலி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். அம்மா தன் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதி மருமகளுக்குக் கொடுக்கலாம், குழந்தையால் முடியாது. இஎம்ஐ கட்ட முடியாமல் உங்கள் மனைவி வீட்டை விற்க நினைத்தால், ஒரு பக்கம் கார்டியன் மனு, இன்னொரு பக்கம் வங்கி. தவணை 90 நாள் நின்றால் கடன் வாராக்கடன் கணக்கில் போகும். அதன் பிறகு 60 நாள் நோட்டீஸ். வாரிசுச் சான்றிதழுக்கே அலைய வேண்டும்: வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேஜை. ஆன்லைனில் விண்ணப்பம் என்றுதான் பெயர். கணவனை இழந்த பெண்ணை ஒரு இனிஷியலுக்காக மூன்று முறை திருப்பி அனுப்பிய அலுவலகத்தைப் பார்த்திருக்கிறேன். நடைமுறை என்றார்கள். வங்கியின் 90 நாள் மட்டும் எந்த நடைமுறைக்கும் நிற்பதில்லை.

ஆகவே உயில் எழுதுங்கள். வீட்டை மனைவி பெயருக்கே முழுமையாக எழுதுங்கள். குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குழந்தையின் பெயரை வீட்டுக் காகிதத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்க விசித்திரமாக இருக்கும், மாமனாருக்கு நாலு முறை சொன்னால்தான் புரியும். அவளை வளர்க்கப்போகிறவர் கையில் விற்கவும் வாடகைக்கு விடவும் அதிகாரம் இருந்தால்தான் அவளுக்கு ஃபீஸ் கட்ட முடியும். “மனைவி மறுமணம் செய்துகொண்டால்?” என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்கள். குழந்தையை வளர்க்க நம்புகிறவரிடம் வீட்டை நம்பிக் கொடுக்க மாட்டேன் என்றால், அதற்கு என்னிடம் சட்டம் இல்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும், உங்கள் அப்பாவின் 8 லட்சம். நீங்கள் கேள்வியில் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் கோர்ட்டில் பார்க்கும் மாமனார்-மருமகள் வழக்குகளில் பல இந்த ஒரு வரியில்தான் தொடங்குகின்றன. மகன் போய்விட்டான். என் நிலத்தை விற்ற காசு என்கிறார் மாமனார். அன்பாகக் கொடுத்தது என்கிறாள் மருமகள். இரண்டும் உண்மை, இரண்டுக்கும் காகிதம் இல்லை. காரணமே இல்லாமல் இரண்டு நல்ல மனிதர்கள் வாய்தாவுக்கு வாய்தா எதிரெதிரே நிற்பார்கள். ஆகவே அப்பாவிடம் இப்போதே உட்கார்ந்து கேளுங்கள்: கொடுத்ததா, கடனா? கொடுத்தது என்றால், உயிலில் வீடு மனைவிக்கு என்று எழுதி, அப்பாவும் அம்மாவும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கலாம் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். அம்மாவை விட்டுவிடாதீர்கள், உயிலில் எல்லாம் மனைவிக்கு என்று எழுதினால் அவருடைய மூன்றில் ஒரு பங்கும் போய்விடும். இந்தக் குடியிருப்பு உரிமை இருக்கும்வரை வீட்டை விற்பது கஷ்டம், வாங்குகிறவர் பெற்றோரின் கையெழுத்தையும் கேட்பார். கடன் என்றால், அல்லது அப்பாவுக்குத் தனியாக இருக்கத்தான் விருப்பம் என்றால், வேறு மாதிரி எழுதுங்கள்: வீட்டை விற்றாலோ, இன்ஷூரன்ஸ் பணம் வந்தாலோ அப்பாவுக்கு 8 லட்சம் கொடுக்க வேண்டும், அவர் இல்லையென்றால் அம்மாவுக்கு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது. எதை எழுதினாலும் மனைவியும் அப்பாவும் சேர்ந்து இருக்கும்போது படித்துக் காட்டுங்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்திடுவதை நேரில் பார்த்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மனைவியையோ அப்பாவையோ சாட்சியாகப் போடாதீர்கள். உங்களைவிட வயது குறைந்தவர்களைப் போடுங்கள், சாட்சி முதலில் போய்ச் சேர்ந்தால் நிரூபிக்கிற வேலை கூடும். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள், பின்னால் பொய் உயில் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. கடலூரில் உள்ள வீட்டுக்கு புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) வேண்டும் என்று யாராவது தனிக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது குழந்தை பிறந்தால், வீட்டை விற்றால் புதிதாக எழுதலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். பிரதியை பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை ஊருக்குள் வந்தபோது கீழ்த்தட்டுக் காகிதங்கள்தான் முதலில் ஊறின.

இப்போது அந்த 65 ஆயிரத்துக்கு வருகிறேன். வீட்டைக் காப்பது உயில் அல்ல, கடனை அடைக்கும் பணம். வங்கியில் கடனோடு ஒரு இன்ஷூரன்ஸைத் தள்ளியிருந்தால் அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மொத்த பிரீமியத்தையும் கடனோடு சேர்த்து, அதற்கும் 20 வருடம் வட்டி போட்டிருப்பார்கள். அதை எடுத்தால்தான் கடன் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தனியாக ஒரு டேர்ம் பாலிசி (நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் பாலிசி) எடுங்கள், கடனைவிடக் கூடுதலாக, 50 லட்சமாவது. உங்கள் வயதில் வருட பிரீமியம் அந்த 65 ஆயிரத்தில் ஒரு சிறு பகுதிதான். விண்ணப்பிக்கும்போதே 1874-ஆம் வருட திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால் அந்தப் பணம் மனைவிக்கும் குழந்தைக்கும் என்றே ஒதுங்கிவிடும், உங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது. ஏஜென்ட் “அதெல்லாம் வேண்டாம் சார், நாமினி போட்டால் போதும்” என்பார். கூடுதலாக ஒரு படிவம் நிரப்பச் சோம்பல்.

பி.எஃப். நாமினியையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருந்தால் கல்யாணத்தோடு அது செல்லாமல் போய்விட்டது. இ-நாமினேஷனில் மனைவியையும் மகளையும் சேருங்கள். பி.எஃப். உள்ள ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. இதைக் குடும்பம்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும், இப்போதே மனைவியிடம் சொல்லி வையுங்கள், யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

உங்கள் மனைவியின் ஆதாரில் அப்பா இனிஷியலா, உங்கள் இனிஷியலா? உயிலில் இரண்டையும் எழுதுங்கள். மகளுக்கு ஏழு மாதம் என்கிறீர்கள், பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறிவிட்டதா? பிறந்து 12 மாதம் வரை பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்ட வேண்டும், கூடவே வாசலில் நிற்கும் இன்னொரு “ஆபீஸ் செலவு”க்காரரும் வருவார்.