வாய்க்கால் வெட்டிய கைகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில், உங்கள் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளிப் பிறந்தவன் நான். சிங்கப்பூருக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. முதலில் கப்பல் பட்டறையில் பெர்மிட்டில் வேலை பார்த்தேன். இரவில் படித்துத் தேறி, இப்போது நிரந்தரவாசியாகக் குடும்பத்தோடு இருக்கிறேன்.

சென்ற ஐப்பசியில் அம்மாவின் திதிக்கு ஊருக்கு வந்திருந்தேன். மூன்று நாள் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நான்காம் நாளும் வடியவில்லை. சிறு வயதில் நான் குதித்துக் குளித்த வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆள் வருகிறார்கள். நம் ஜனங்கள் வயலில் இறங்குவதில்லை. இங்கே சிங்கப்பூரில் எவ்வளவு பெரிய மழை பெய்தாலும் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் போன இடம் தெரியவில்லை. அங்கே முன்பு இருந்த ஒழுங்கும் போய்விட்டது, இங்கே இருக்கிற ஒழுங்கு அங்கே வரவும் இல்லை. ஊர் கெட்டுவிட்டது என்று சொன்னால் ஊரில் இருப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. “நீ பிளேன் ஏறிப் போய்விடுவாய்” என்கிறார் சித்தப்பா.

அப்பா விட்டுப்போன ஏழு மா (சுமார் இரண்டேகால் ஏக்கர்) நஞ்சையை மனை போடுகிறவர்கள் நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். இனி எனக்கு அங்கே என்ன இருக்கிறது, கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. நான் இரண்டு ஊர்களையும் ஒப்பிடுவது தவறா?

ஒரு வாசகர், சிங்கப்பூர்
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

தவறில்லை. இரண்டு ஊர்ச் சோறு தின்றவர் ஒப்பிடாமல் இருக்க முடியாது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த நம் பாட்டன்மார்களும் திண்ணையில் உட்கார்ந்து இதைத்தான் பேசினார்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஒரு வாய்க்காலைப் பற்றி என்பதால், கடிதம் கிடைத்த மறுநாள் காலை உங்கள் ஊருக்குப் போய், நடந்து பார்த்துவிட்டு வந்துதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நீங்கள் குளித்த பாசன வாய்க்காலை முதலில் பார்த்தேன். நீங்கள் சொன்ன ஆகாயத்தாமரையோடு, இரு கரையிலிருந்தும் நெய்வேலிக் காட்டாமணக்குச் சாய்ந்து நடுவில் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றதற்கு அந்த வாய்க்கால் காரணமில்லை. தெருத் தண்ணீரும் வயல் தண்ணீரும் போக வேண்டியது கொல்லைக்குப் பின்னால் இருக்கும் வடிகாலில். எட்டடி அகலமுள்ள அந்த வடிகாலுக்குக் குறுக்கே, புதிய மனைப்பிரிவுக்காகச் செம்மண் கொட்டிச் சாலை போட்டு, அடியில் ஒரே ஒரு சிமெண்டுக் குழாயைப் பதித்திருக்கிறார்கள். குழாயின் வாய் இரண்டடி இருக்கும். அதில் பாதி வண்டல். மீதிப் பாதியில் ஒரு தென்னை மட்டையும் ஓர் உரச்சாக்கும் சிக்கியிருந்தன. முந்தின இரவு மழை பெய்திருந்தது. குழாய்க்கு மேலண்டையில் நட்டு ஒரு மாதம்கூட ஆகாத தாளடி (இரண்டாம் போக நெல்) பயிர் நுனி மட்டும் தெரிய நின்றது. கீழண்டையில் வடிகாலின் தரை தெரிந்தது, அதில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அந்தச் சாலையில் நின்று இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆகவே உங்கள் வேதனையை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

நீங்கள் ஒப்பிடும் இரண்டு ஒழுங்குகளையும் யார் உண்டாக்கினார்கள் என்று மட்டும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நமக்குப் பெய்வதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தத் தண்ணீர் தானாக வடிவதில்லை. நீங்கள் மாலையில் காற்று வாங்கும் சிங்கப்பூர் ஆறு 1977 வரை சாக்கடையாக நாறிய ஆறு. அதைச் சுத்தம் செய்வது என்று லீ குவான் யூ அந்த ஆண்டில் முடிவெடுத்து, பன்றிப் பண்ணைகளையும் தெருக்கடைகளையும் படகுகளையும் அப்புறப்படுத்தி முடிக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலையிலேயே வெள்ளம் புகுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு புதிய மாற்றுக் கால்வாயும் நிலத்தடித் தேக்கத் தொட்டியும் கட்டி 2018இல் முடித்தார்கள். இத்தனை பணத்துக்கும் திட்டத்துக்கும் பிறகும், கால்வாய்க்குள் இறங்கிச் சருகு அள்ளுவதற்கு அங்கே தினமும் ஆட்கள் வேண்டும். விடியற்காலையில் லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்களில் நம் தாலுக்காப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வங்காளதேசத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதல் சில ஆண்டுகள் நீங்களும் அந்த லாரியில் போயிருப்பீர்கள்.

இனி நம் வாய்க்காலுக்கு வருகிறேன். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, 1965 வாக்கில், என் தாத்தாவோடு வாய்க்கால் வெட்டுக்குப் போயிருக்கிறேன். வைகாசி மாதம். மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, பாமணியாற்றின் வழியாக நம் மடைக்கு வந்து சேர்வதற்குள் தூர் வாரி முடித்தாக வேண்டும். ஊர்க்காரர்களே தங்கள் நீர்வழிகளைப் பராமரிக்கும் முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். இத்தனை மா நிலத்துக்கு இத்தனை ஆள் என்பது அதன் கணக்கு. நிலக்காரர் ஆள் அனுப்ப வேண்டும் என்றுதான் முறை. நிலக்காரர் வாய்க்காலில் இறங்கி நான் பார்த்ததில்லை. தாத்தா கரையில் குடை பிடித்துக்கொண்டு முழக்கோலோடு நின்றார். சேற்றில் நின்று வெட்டியவர்கள் பண்ணையாட்கள். உச்சிப் பொழுதில் அவர்களுக்குக் கூழ் வந்தது. ஏனம் எதுவும் கொடுக்கவில்லை. பனையோலையைப் பட்டையாக மடித்து நீட்டினார்கள், மேலிருந்து ஊற்றினார்கள். ஒருவரின் பட்டையில் மடிப்பு விட்டு, கூழ் முழங்கை வழியாக ஒழுகியது. அவர் பட்டையைக் கீழே வைக்காமல், குனிந்து முழங்கையிலிருந்து அதைக் குடித்தார். என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அறுபது ஆண்டுகளாக அந்த முதுகு என் கண்ணில் நிற்கிறது.

கண்மாய், வாய்க்கால் வேலைக்கு ஆட்களைக் கட்டாயமாக இறக்குவதற்கு வெள்ளைக்காரன் 1858இலேயே ஒரு சட்டம் போட்டிருந்தான். தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் வந்தது 1952இல். சட்டம் வந்த பிறகும் நான் சொன்ன அந்தக் கூழ் ஓலைப்பட்டையில்தான் ஊற்றப்பட்டது. நான் கரையில் நின்ற அந்த வைகாசிக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட மக்களில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

நீங்கள் குளித்த எண்பதுகளில் பண்ணையாள் முறை போய்விட்டிருந்தது, உண்மைதான். ஆனாலும் வேறு வேலைக்குப் போக வழியில்லாத குடும்பங்கள் ஊரில் இருந்தன, கூப்பிட்டால் வந்தார்கள், வாய்க்கால் தெளிவாக ஓடியது. இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் குவைத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் தெருவில் நான் சிறுவனாக இருந்தபோது ஓர் ஓட்டு வீடு கிடையாது. இப்போது கூரை வீட்டைத் தேட வேண்டும். ‘நம் ஜனங்கள் வயலில் இறங்குவதில்லை’ என்று நீங்கள் எழுதிய வரியை அந்தத் தெருவில் படித்துக் காட்டினால், அதை அவர்கள் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது அவர்கள் போராடிப் பெற்றது. ஊர் கெட்டுவிட்டது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, யாருக்கு என்பதுதான்.

வங்கத்து ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன மாதம் எங்கள் ஊரில் நட வந்தவர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, கயிறு பிடித்து, மழையிலேயே நட்டு முடித்தார்கள். மதியம் களத்து மேட்டில் ஓர் இளைஞர் கைப்பேசியில் தன் சிறு பெண்ணுக்கு வயலைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். கப்பல் பட்டறையிலிருந்து நீங்கள் ஊருக்குப் பேசிய ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பாருங்கள். அந்த இளைஞரை நம் ஊர் கெட்டதற்கு அடையாளமாகச் சொல்லக் கூடாதவர் ஒருவர் உண்டென்றால் அது நீங்கள்தான். இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எல்லாம் நல்லதற்குத்தானா என்று கேட்பீர்கள். இல்லை. கட்டாயத்தால் நடந்த வேலை நின்றது நியாயம். அந்த வேலையை இனி யார் செய்வது என்பதற்கு இன்றுவரை நாம் சரியான ஏற்பாடு செய்யாமல் இருப்பது அநியாயம். குடிமராமத்து என்ற பெயரிலேயே 2017இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜூன் 12க்கு முன்னால் சிறப்புத் தூர்வாரும் பணி என்று ஆண்டுதோறும் பொக்லைன்கள் வருகின்றன. ஆறுகளும் ஏ, பி என்று வகைப்படுத்திய பெரிய வாய்க்கால்களும் ஓரளவு தேறிவிடுகின்றன. சி, டி எனப்படும் சிறு வாய்க்கால்களில் இயந்திரம் இறங்கக் கரையில் இடமே இல்லை. எல்லாவற்றையும்விட, தண்ணீர் வருகிற வழிக்கு இருக்கும் கவனம் போகிற வழிக்கு இல்லை. மேட்டூர் திறக்கும் தேதி எல்லாருக்கும் மனப்பாடம்: 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். உங்கள் கொல்லை வடிகால் எந்தத் தேதியில் கடைசியாகத் தூர் வாரப்பட்டது என்று நான் கேட்ட ஐந்து பேருக்கும் தெரியவில்லை. வாட்டம் குறைந்த தட்டை நிலம் நம்முடையது. இங்கே வடிகால் ஒரு சாண் மேடிட்டால் பத்து வயல் முழுகும்.

அந்த மனைப்பிரிவு வந்த கதையையும் கேட்டேன். அங்கே மனை வாங்கியவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் நால்வர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஊரில் ஒரு வீடு வேண்டும் என்ற ஆசையில் வாங்கியிருக்கிறார்கள். நல்ல ஆசைதான். விடுமுறையில் வந்து வடியாத தண்ணீரைப் பார்த்து உங்களைப் போலவே அவர்களும் வருந்துவார்கள். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தையும் உருக்காலைகளையும் தடுக்கிறது. வீட்டு மனை அதன் பட்டியலில் இல்லை. ஆகவே நஞ்சையை விற்பதா வேண்டாமா என்பது நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் கையில்தான் இருக்கிறது.

உங்கள் ஏழு மா விஷயத்தில் என் கருத்தைக் கேட்டிருப்பதால் சொல்கிறேன்: மனைக்குக் கொடுக்க வேண்டாம். அந்நியச் செலாவணி மேலாண்மை விதிகளின்படி, வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் தகப்பன் வழி வந்த விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம். புதிதாக விலைக்கு வாங்க முடியாது. இன்று விற்றால், நீங்கள் சிங்கப்பூரில் இருக்கும் காலம்வரை ஒரு மா நஞ்சைகூட மறுபடி உங்கள் பெயரில் வாங்க வழியில்லை. பணம் கட்டாயம் தேவை என்றால், பதினோரு ஆண்டுகளாக அதைக் குத்தகைக்குச் செய்துவருபவரிடம் முதலில் கேளுங்கள். அன்று வயலில்தான் இருந்தார், பேசினேன். மனைக்காரர்கள் சொல்லும் விலையை அவரால் தர முடியாது. ஆனால் தவணையில் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். அவருடைய பாட்டனாரும் அந்த வாய்க்காலை வெட்டியவர்களில் ஒருவர்.

விற்காமல் வைத்துக்கொள்வதானால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் குழாயை எடுத்துவிட்டு, வடிகாலின் முழு அகலத்துக்கும் சிறு பாலம் கட்ட வேண்டும் என்று, திருவாரூரில் மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறார்கள். வடிகாலை ஒட்டி 23 பட்டாதாரர்கள். ஒன்பது பேர் கையெழுத்து இன்னும் வரவில்லை. ஒன்பது பேரும் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள், அதில் உங்கள் பெயரும் இருக்கிறது. உங்கள் பட்டா எண்ணைக் குறிப்பிட்டு, மனுவுக்குச் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, தை மாதக் கூட்டத்துக்கு முன் வந்து சேரும்படி அனுப்பிவையுங்கள். என் முகவரிக்கு வேண்டாம், உங்கள் சித்தப்பாவுக்கே அனுப்புங்கள். மனுவை எழுதியவர் அவர்தான். முதல் கையெழுத்தும் அவருடையது.

அன்புடன்.