வேப்பிலைக்குக் கிடைக்கும் மரியாதை (கடிதமும் பதிலும்)

வணக்கம். என் கணவருக்கு 5 மாதம் முன்பு சேலத்தில் சிறுநீரகம் மாற்றினார்கள். அடுத்த மாதம் கிருஷ்ணகிரியில் நாத்தனார் மகள் கல்யாணம். தாய்மாமன் போகாமல் இருக்க முடியாது. பார்க்கிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். விலகினால் "கை குடுத்தா கொறஞ்சா போயிரும்?" என்கிறார்கள். யார் மனமும் நோகாமல் எப்படித் தவிர்ப்பது? வணக்கம் சொன்னாலே போதும்தானே, முன்னோர் காரணத்தோடுதானே வைத்தார்கள்? எதிர்ப்புச் சக்தி கூட கஷாயம் கொடுக்கலாமா?
ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

அன்புள்ள சகோதரிக்கு,

கஷாயம் வேண்டாம். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தாக்காமல் இருக்கத்தான் டாக்ரோலிமஸ், மைகோபீனோலேட், பிரெட்னிசோலோன் கொடுத்து அவர் எதிர்ப்பை வேண்டுமென்றே தணித்து வைத்திருக்கிறார்கள். சில மூலிகைகள் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவையே மாற்றிவிடும். அந்தப் பேச்சு இதோடு முடிந்தது.

முன்னோர் பெருமையையும் இதில் இழுக்காதீர்கள். கும்பிட்டால் கை தொடாது, அவ்வளவுதான். ஒரு முழ தூரத்தில் நின்று கும்பிட்டபடியே இருமுகிறவரின் மூச்சை எந்தக் கும்பிடு தடுக்கும்? கையில் ஒட்டிய சளிக் கிருமி தோலைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. அந்தக் கை மூக்கையோ கண்ணையோ வாயையோ தொடும்போதுதான் உள்ளே போகிறது. ஆகவே யாராவது கையைப் பிடித்துவிட்டால் பதறாமல், பிடிபட்ட கையை முகத்துக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்து கழுவச் சொல்லுங்கள். சானிடைசரில் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. உள்ளங்கை நிறைய ஊற்றி, தானாகக் காயும்வரை 20, 30 விநாடி தேய்க்க வேண்டும். கட்டைவிரலையும் விரல் நுனிகளையும்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பாதியில் வேட்டியில் துடைத்தால் பயனில்லை. எண்ணெய்ப் பிசுக்கான கையில் அது சரியாக வேலை செய்யாது. வாந்திபேதி உண்டாக்கும் நோரோவைரஸுக்கும் அது போதாது. அதற்கெல்லாம் சோப்பும் தண்ணீரும்தான்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது "மனம் நோகாமல்" என்ற சொல். இதைப் பற்றியே கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வீட்டில் அம்மை போட்டிருந்தால் வாசலில் வேப்பிலை செருகுகிறோம். வாசல்வரை வந்த சம்பந்தியும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். யார் மனமாவது நோகிறதா? அதே சம்பந்தி ஒழுகும் மூக்கோடு உங்கள் வீட்டுக்கு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ரகசியம்போல் குனிந்து "கிட்னி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பார். நீங்கள் காபி போட்டுக் கொடுப்பீர்கள். இது பாசமா? சளியோடு நலம் விசாரிக்க வருகிறவர் உங்கள் கணவரின் உயிரோடு விளையாடுகிறார். அதை அவரிடம் சொல்லாமல் இருப்பது உங்கள் தவறு.

இன்னொன்றையும் யோசியுங்கள். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே சின்னம்மை பரவ ஆரம்பித்துவிடும். ஃப்ளூவும் காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே பரவும். வேப்பிலை செருகும்போது பாதிக் காரியம் முடிந்திருக்கும். அதனால் வருகிறவரிடம் "உங்களுக்குச் சளி இருக்கா?" என்று மட்டும் கேட்டால் பற்றாது. "வீட்டுல குழந்தைக்குக் காய்ச்சலா? பக்கத்துல யாருக்காவது அம்மையா?" என்றும் கேட்க வேண்டும். நீங்கள் கேளுங்கள், அல்லது உங்கள் மகன் கேட்கட்டும், அதுவும் வாசலிலேயே. நோயாளியே கையைப் பின்னால் இழுக்கிற நிலைக்கு அவரை விடாதீர்கள். அவர் மறுத்தால் திமிர் என்பார்கள். நீங்கள் "டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்காருண்ணா, ஆறு மாசம் போகட்டும்" என்றால் அண்ணன் கேட்டுக்கொள்வார். மாற்று அறுவைக்குப் பின் முதல் ஆறு மாதம்தான் ஆபத்து மிகுந்த காலம் என்பதால் அது பொய்யும் இல்லை.

இனி கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். முந்தின நாள் வரவேற்புக்கு வேண்டாம். மூடிய ஏசி மண்டபம், மேடையில் வரிசையாகக் கைகுலுக்கல், தோளில் கைபோட்டுப் படம். முகூர்த்தத்துக்கு மட்டும் போகட்டும். மாமன் சீர் முடிந்ததும் இறங்கிவிடலாம். என்95 மாஸ்க் மூக்குப் பாலத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், படத்துக்காகக் கழற்றக்கூடாது. எதிரில் வருகிறவர் இரண்டு எட்டு தள்ளி இருக்கும்போதே உங்கள் கணவர் முந்திக்கொண்டு கும்பிட்டு, "வாங்க மாமா, சாப்ட்டீங்களா?" என்று பேச்சைத் தொடங்கட்டும். நீட்டிய கையை மறுப்பதைவிட நீளும் முன்பே கும்பிடுவது எளிது. வாசலில் சந்தனக் கிண்ணத்தில் நூறு பேர் விரல் விட்டிருப்பார்கள், அதைத் தாண்டிப் போய்விடுங்கள். மொய்ப் பணம் நீங்கள் எழுதுங்கள், எச்சில் தொட்டு எண்ணிய நோட்டு அவர் கைக்கு வேண்டாம். பந்தியில் ஆவி பறக்கும் இட்லி, சாம்பார் சரி. பச்சடி, தேங்காய்ச் சட்னி, வெட்டிவைத்த பழம் வேண்டாம். குடிக்கக் காய்ச்சிய தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

துக்க வீடு இதைவிடக் கடினம். அங்கே கட்டிப்பிடித்து அழுவதுதான் விசாரிப்பு. ஆறு மாதம் தாண்டும்வரை அங்கே நீங்கள் மட்டும் போய் வாருங்கள், வந்ததும் குளித்துவிட்டு அவர் அருகே போங்கள்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஃப்ளூ ஊசி வருடாவருடம் போடுங்கள். அவருக்கு எது, எப்போது என்று மருத்துவர் சொல்வார். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி அவருக்கு ஆகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அம்மை கண்டவரோடு இருந்தது தெரியவந்தால் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். காப்பு ஊசி (இம்யூனோகுளோபுலின், இது உயிருள்ள தடுப்பூசி அல்ல) முதல் நான்கு நாளுக்குள் போட்டால் நல்லது. காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிரெட்னிசோலோன் காய்ச்சலை அமுக்கிக் காட்டும், உள்ளே நோய் பெரிதாக இருக்கலாம். சேலத்துக்குப் போகவே நேரமாகும். நடுராத்திரி ஆனாலும் முதலில் மாற்று அறுவைப் பிரிவுக்குப் போன் போடுங்கள், பிறகு வண்டிக்குச் சொல்லுங்கள்.