அடையாள அட்டையைப் படமெடுக்கக் கேட்டால் கதவைச் சாத்தலாம்

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம். போன மாதம் நான் வேலைக்குப் போயிருந்த நேரம் டெப்லெட்டோடு இரண்டு பிள்ளைகள் வந்து, சுகாதாரம், செய்தி, அரசியல் பற்றி ஆய்வு என்று அம்மாவிடம் முக்கால் மணித்தியாலம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எந்தத் தடுப்பூசி போட்டது, யாருக்கு வாக்குப் போட்டது, 'தடுப்பூசி போட்டால் பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்பதை ஏற்றுக்கொள்கிறீர்களா' என்றெல்லாம் கேட்டார்களாம். கடைசியில் 500 ரூபாய் ரீலோட் தருகிறோம் என்று சொல்லி அடையாள அட்டையைப் படம் எடுத்திருக்கிறார்கள். இப்போது காப்புறுதிக்காரர்களின் அழைப்பு ஓயவில்லை. சொன்ன பதில்கள் எங்கே போகுமோ என்று பயமாக இருக்கிறது. தங்கச்சியின் மகளுக்குப் பாடசாலையில் போடவிருக்கும் ஊசியையும் அம்மா வேண்டாம் என்கிறார். இனி யார் வந்தாலும் கதவைத் திறக்காமல் விடுவதா?

பதில்: கதவைத் திறக்கலாம், பதிலும் சொல்லலாம். அடையாள அட்டையை மட்டும் யாருக்கும் நீட்டக் கூடாது. உங்கள் வீட்டில் நடந்ததில் பிழையான இடம் அதுதான். வாக்கு பற்றிய கேள்வி உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் அந்தப் பதிலோடு அடையாள அட்டை சேராவிட்டால் அதை வைத்து யாரும் அம்மாவைத் தேடி வருவது கடினம்.

ஒரு கருத்தாய்வுக்குத் தேவையானது, கொழும்பு மாவட்டத்தில் வசிக்கும் இன்ன வயதுப் பெண் ஒருவர் இப்படி நினைக்கிறார் என்பது மட்டும். ஆயிரம் பேரின் பதிலைச் சேர்த்துச் சதவீதம் போடுவார்கள், அதில் தனி ஆள் தெரியமாட்டார். அடையாள அட்டை இலக்கம் அப்படியானது அல்ல. பழைய அட்டையில் இலக்கம் 58541 என்று தொடங்குகிறது என்று வைப்போம். 58 என்றால் 1958இல் பிறந்தவர். அடுத்த மூன்று இலக்கம் 500ஐத் தாண்டினால் பெண். 541இல் 500ஐக் கழித்தால் 41, ஆண்டின் 41ஆவது நாள், அதாவது பெப்ரவரி 10. ஐந்து இலக்கத்திலேயே பிறந்த திகதி முழுவதும் வந்துவிட்டது. இதற்கு மேல் அட்டையின் படத்தில் பெயர், முகவரி, முகம். அதோடு தொலைபேசி இலக்கமும் இருந்தால், காப்புறுதி விற்பவருக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் கருத்தாய்வு என்ற என் துறையில் எனக்கு ஆற்றாமல் இருக்கும் விஷயம் இது. ஆய்வை வடிவமைப்பவர் எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பார். களவேலையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுப்பார். அந்த நிறுவனம் அதை ஒரு மேற்பார்வையாளருக்கு உப ஒப்பந்தமாக விடும். அவர் ஏ.எல். முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளைப் பிடித்து, ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று பேசி அனுப்புவார். பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் பேருந்துத் தரிப்பிடத்தில் இருந்தே படிவத்தை நிரப்பிவிடுவார்கள் என்று அவருக்குச் சந்தேகம், அதனால் 'அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு வா' என்பார். சம்பளம் கொடுக்க ஆதாரம் என்று தொடங்கிய படங்கள் அவருடைய போனிலேயே தங்கிவிடும். ஆய்வு முடிந்த பிறகு அந்தப் படங்கள் யாருடைய கணக்கிலும் இல்லை. மேலே இருக்கும் ஆய்வாளருக்கு இப்படி ஒரு படம் எடுக்கப்பட்டதே தெரியாது, கேட்பதும் இல்லை. அறிக்கை அழகாக அச்சாகி வரும், நட்சத்திர ஹோட்டலில் வெளியீட்டு விழா நடக்கும், உங்கள் அம்மாவுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.

போய்ப் பார்த்ததை உறுதிசெய்ய ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது. தொலைபேசி இலக்கத்தை மட்டும் வாங்கி, பதில்களோடு சேராமல் வேறாகப் பதிந்து, மேற்பார்வையாளர் சிலரை அழைத்து 'எங்கள் ஆள் வந்தாரா, எவ்வளவு நேரம் கதைத்தார்' என்று கேட்பது. ஆகவே போன் நம்பர் கேட்டால் அதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். ரீலோட் கொடுப்பதும் குற்றம் இல்லை, நேரம் ஒதுக்கியவருக்குக் கைம்மாறு கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆனால் ரீலோட் போட போன் நம்பர் போதும். அதற்கு அட்டை எதற்கு?

வந்தவர் உண்மையான ஆய்வாளர்தானா என்று அறிய ஒரு நல்ல அடையாளம் சொல்கிறேன். முறையாக வேலை செய்பவர் கதவைத் திறந்தவரிடம் கேள்வியை ஆரம்பிக்கமாட்டார். வீட்டில் பதினெட்டு வயதுக்கு மேல் எத்தனை பேர், யாருடைய பிறந்தநாள் கடைசியாக வந்தது என்று கேட்பார், அல்லது ஒரு அட்டவணையைப் பார்த்து ஒருவரைத் தெரிவுசெய்வார். அந்த ஆள் வேலைக்குப் போயிருந்தால் 'பின்னேரம் வருகிறேன்' என்று போய்விடுவார். பகலில் வீட்டில் இருப்பவர்களையே பிடித்துப் பிடித்துக் கேட்டால் நாட்டின் கருத்து கிடைக்காது, ஓய்வு பெற்றவர்களின் கருத்துதான் கிடைக்கும். உங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் என்றே கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. கேட்காமலே தொடங்கியிருந்தால், அது ஆய்வாகவே இருந்தாலும் மட்டமான ஆய்வு.

இன்னும் இரண்டு விஷயம். முதலில் ஒரு தகவல் தாள் தரவேண்டும், அதில் ஆய்வை நடத்துவது யார், எந்த அறநெறி மீளாய்வுக் குழு (பங்குபற்றுபவர்களுக்குத் தீங்கு வராமல் ஆய்வு நடக்கிறதா என்று பார்க்கும் குழு) அனுமதித்தது, விளக்கம் கேட்க யாரை அழைப்பது என்பவை இருக்க வேண்டும். அது தமிழில் இருக்க வேண்டும், கேள்விகளும் தமிழில் இருக்க வேண்டும். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் சிங்களம் மட்டும் தெரிந்தவரை அனுப்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்து, அந்தப் பிள்ளைக்கு முன்னால் 'யாருக்கு வாக்களித்தீர்கள்' என்று கேட்பது இன்றும் நடக்கிறது. 1987இல் இருந்து தமிழும் அரச கரும மொழி. தமிழில் படிவம் இல்லையென்றால் 'கொண்டுவாருங்கள், பிறகு கதைப்போம்' என்று அனுப்பிவிடுங்கள்.

அரசியல் பயத்துக்கு வருவோம். 1983 ஜூலையில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடின. 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. இதையெல்லாம் பார்த்த அம்மா, பெயரும் கட்சியும் ஒரே தாளில் இருப்பதைக் கண்டு பயப்படுகிறார் என்றால் அதை மனப்பிரமை என்று யாரும் சொல்லக் கூடாது. ஆகவே வாக்குக் கேள்விக்கு 'பதில் சொல்ல விருப்பமில்லை' என்று சொல்லுங்கள். ஒழுங்கான ஒவ்வொரு படிவத்திலும் அதற்கென்று ஒரு இலக்கம் இருக்கும், 'தெரியாது' என்பதற்கும் இருக்கும். அதை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

சட்டம் இருக்கிறதா என்றால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அரசியல் கருத்து, உடல்நலம், இனம் மூன்றையும் அது விசேட வகைத் தரவு என்று பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் அம்மாவிடம் வாங்கியதில் முதல் இரண்டும் இருக்கின்றன. ஆனால் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரும் என்று சொல்லிவிட்டு, அந்தத் திகதி நெருங்கியதும் தள்ளிப்போட்டார்கள். நிறுவனங்கள் தயாராகவில்லையாம். மூன்று வருடம் கொடுத்தும் தயாராகாதவர்களுக்காக, வீட்டில் இருக்கும் வயதானவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒரே ஒரு விதிவிலக்கை நன்றாக மனதில் வையுங்கள், ஏனென்றால் நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இவர்களையும் விரட்டிவிடக் கூடாது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்துவது வேறு. 2024 ஒக்டோபரில் தொடங்கிய குடிசன தொகைமதிப்பில் வீடு வீடாக வந்தார்கள், நினைவிருக்கும். இனம், மதம் எல்லாம் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்வது சட்டப்படி கடமை, மறுத்தால் வழக்கு வரலாம். அதே சட்டம் அவர்களுடைய வாயையும் கட்டிவைத்திருக்கிறது, தனி ஆளின் விவரத்தை வெளியே கொடுக்க முடியாது. தொழிற்படை, வீட்டு வருமானம், செலவு என்று அவர்கள் நடத்தும் மற்ற ஆய்வுகளும் இப்படித்தான். வருபவரிடம் திணைக்கள அட்டை இருக்கும், கிராம உத்தியோகத்தருக்குத் தெரிந்திருக்கும். சந்தேகம் வந்தால் கதவை மூடாமலே கிராம உத்தியோகத்தரை அழைத்துக் கேளுங்கள். 'நாங்களும் தொகைமதிப்புத்தான்' என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் இருக்கக்கூடும் என்பதால் அந்த ஒரு அழைப்பு அவசியம். இன்னொன்று, தொகைமதிப்பில் கட்சி பற்றிய கேள்வியே கிடையாது. கட்சி கேட்டால் அவர் தொகைமதிப்புக்காரர் இல்லை, அவ்வளவுதான்.

வட்ஸ்அப்பில் வரும் 'சுகாதாரக் கருத்துக்கணிப்பு' இணைப்புகளைத் தொடவே வேண்டாம். ஒரு இலட்சம் பேர் பங்குபற்றினார்கள் என்று போட்டிருந்தாலும் மயங்காதீர்கள். 2021இல் அமெரிக்காவில் பேஸ்புக் வழியாக வாரம் சுமார் 2,50,000 பேரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டார்கள், போட்டவர்களின் விகிதம் உண்மையைவிட 17 சதவீதப் புள்ளி கூடுதலாக வந்தது. முறையாகத் தெரிவுசெய்த ஆயிரம் பேரிடம் கேட்ட சிறிய ஆய்வு உண்மைக்குக் கிட்ட வந்தது. தானாக முன்வந்து நிரப்புபவர்களில் விளையாட்டுக்குப் பதில் போடுபவர்களும் நிறைய. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் அப்படியான ஒரு கணிப்பில் 'அணுசக்தி நீர்மூழ்கியை ஓட்ட உரிமம் இருக்கிறதா' என்று கேட்டபோது, முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் 12 சதவீதம் 'ஆம்' என்றார்கள். வதந்தியை எத்தனை பேர் நம்புகிறார்கள் என்ற பரபரப்பான தலைப்புகளில் பல இப்படிப்பட்ட படிவங்களில் இருந்து வருபவை.

அம்மாவைக் குழப்பிய அந்த மலட்டுத்தன்மைக் கேள்விக்கு வருவோம். வதந்தியை எவ்வளவு பேர் நம்புகிறார்கள் என்று அளக்க, வதந்தியை அப்படியே வாசித்துக் காட்டித்தான் கேட்க வேண்டும். அது தவறு இல்லை. ஆனால் முடிந்ததும் 'நாங்கள் வாசித்ததில் இவை பொய்' என்று சொல்லிவிட்டு எழும்ப வேண்டும். சொல்லாமல் போனதால் ஒரு பொய் உங்கள் வீட்டில் தங்கிவிட்டது. இந்த நாட்டில் மலட்டுத்தன்மை வதந்தி என்ன செய்யும் என்று 2018 பெப்ரவரியில் அம்பாறையில் பார்த்தோம். சாப்பாட்டில் 'மலட்டு மாத்திரை' என்று கிளப்பி முஸ்லிம்களின் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள், பிறகு பரிசோதித்தால் அது வெறும் மாவுக்கட்டி. இந்தக் கேள்வியை வாசித்துவிட்டு எழும்பிப் போவது சின்னக் கவனக்குறைவு இல்லை.

தங்கச்சியின் மகள் ஆறாம் தரம் என்றால், அது பாடசாலைகளில் 2017இல் இருந்து போடும் எச்.பி.வி. ஊசியாக இருக்கும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பது அது, பிள்ளைப்பேற்றைத் தடுப்பதில்லை. யப்பானில் பக்கவிளைவுப் பயம் பரவி 2013இல் அரசாங்கம் பரிந்துரைப்பதை நிறுத்தியதும், நூற்றுக்கு எழுபது அளவில் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒன்றுக்கும் கீழே போனார்கள். திரும்பப் பரிந்துரைக்க 2022 ஆகிவிட்டது. அம்மாவோடு நீங்கள் வாதாட வேண்டாம், பாடசாலைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு அவரையே கதைக்க விடுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. அந்தப் பிள்ளைகள் ஏதாவது துண்டுத்தாள் விட்டுப் போனார்களா என்று தேடுங்கள். நிறுவனத்தின் பெயர் கிடைத்தால், அட்டைப் படத்தையும் போன் இலக்கத்தையும் அழிக்கச் சொல்லி எழுத்தில் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு அறநெறி அனுமதி கொடுத்த குழு தெரிந்தால் அதற்கும் ஒரு பிரதி. அந்தக் கடிதத்துக்குத்தான் மேலே இருப்பவர்கள் பயப்படுவார்கள். அம்மாவின் அட்டை இலக்கத்தில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று தொலைபேசி நிறுவனத்தின் கிளையில் கேளுங்கள், தெரியாத இலக்கம் இருந்தால் உடனே துண்டிக்கச் சொல்லுங்கள். அழைக்கும் காப்புறுதிக்காரரிடம் கோபப்படாமல் 'என் இலக்கம் யாரிடம் வாங்கினீர்கள்' என்று கேட்டுக் குறித்துவைக்க அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். யார் கேட்டாலும் போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தை மட்டும் சொல்ல வேண்டாம் என்பதையும் அவருக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.