கிராமத்து ஆஸ்பத்திரியில் முதல் நர்ஸ் வேலை: போகலாமா?

கேள்வி: நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டேன். எட்டு மாதமாக நகரத்து மருத்துவமனைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன். எல்லோரும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். தொலைவில் ஒரு கிராமத்தில், 30 படுக்கை உள்ள மருத்துவமனையில் உடனே சேர்த்துவிடுவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். அவருக்கு ஒன்றரை மாதச் சம்பளம் கமிஷன். மருத்துவமனைக்கு மூன்று வருட பாண்ட் எழுதி, ஒரிஜினல் சான்றிதழ்களையும் கொடுக்க வேண்டுமாம். போகலாமா? அந்த அனுபவம் பிறகு நகரத்தில் செல்லுமா?

பதில்: போகலாம். ஏஜென்ட் மூலமாக வேண்டாம். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். இந்த இரண்டையும் முதலில் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அனுபவம் இல்லாதவருக்கு வேலை இல்லை என்றால், அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? படிக்க வைக்கிறார்கள், தேர்வு வைக்கிறார்கள், பதிவு எண்ணும் கொடுக்கிறார்கள். புதிதாக வரும் பிள்ளைக்குக் கூடவே நின்று சொல்லித்தர ஆறு மாதம் ஒரு சீனியரை ஒதுக்குங்கள் என்றால் மட்டும் எல்லோரும் கையை விரிக்கிறார்கள். வருடா வருடம் இதே கடிதம் எனக்கு வருகிறது, எழுதும் பெயர்தான் மாறுகிறது. எட்டு மாதம் வேலை கிடைக்காதது உங்கள் குறை இல்லை.

கிராமத்து நிலைமை வேறு. உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கிராமப்புறங்களில் இருக்க, செவிலியரில் 38 சதவீதம் பேர்தான் அங்கே வேலை செய்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் சொன்னது. அதாவது, ஆள் தேவை அவர்களுக்கு. அப்படி இருக்க, கமிஷனை நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும்? வேலை தேடுகிறவரிடம் தனியார் ஏஜென்சிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ம் ஆண்டு ஒப்பந்தத்தின் அடிப்படை விதி. ஆள் கேட்ட மருத்துவமனையே ஏஜென்டுக்குக் கொடுக்கட்டும். உங்களிடம் கை நீட்டுகிறவர் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வாங்குகிறவர்தான். அந்த மருத்துவமனையின் நர்சிங் சூப்பரின்டென்டன்டை நீங்களே போனில் கூப்பிடுங்கள். அலுவலகத்தில் பேசினால் 'பயோடேட்டா அனுப்புங்கள்' என்பதோடு முடிந்துவிடும். நாளைக்கு நைட் டியூட்டிக்கு ஆள் இல்லையே என்று தவிக்கிறவர் சூப்பரின்டென்டன்ட்தான்.

ஒரிஜினல் விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவமே உண்டு. நான் முதலில் சேர்ந்த இடத்தில், 'சரிபார்த்துவிட்டுத் தருகிறோம்' என்று வாங்கி ஒரு ஸ்டீல் அலமாரியில் வைத்தார்கள். 14 மாதம் கழித்து வேறு நல்ல இடத்தில் நேர்முகத் தேர்வு வந்தது. அலமாரிச் சாவி வைத்திருப்பவர் லீவில் இருக்கிறார் என்று நாலு நாள் அலைய விட்டார்கள். தேர்வு நாள் போயே போய்விட்டது. ஒரிஜினலை மேசையில் வையுங்கள், அவர்கள் நகலோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும், நீங்கள் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். 'எல்லோரும் கொடுத்திருக்கிறார்களே' என்பார்கள். கொடுத்தவர்கள் எத்தனை பேர் இன்னும் அங்கே மனம் ஒப்பி வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

பாண்டும் கூடாது என்பதே என் கட்சி. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு நல்ல வாய்ப்பைத் தவறவிட்டவர்களும் இருப்பதால் விவரமாகவே சொல்கிறேன். மருத்துவமனை தன் செலவில் உங்களுக்கு ஒரு சிறப்புப் பயிற்சி தருகிறது என்று வையுங்கள்: டயாலிசிஸ், பச்சிளங்குழந்தை பராமரிப்பு இப்படி ஏதாவது. பயிற்சி முடிந்ததும் ஓடிவிடாதே என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். அதற்கு நாலு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் பயிற்சி, எத்தனை வாரம், அதற்கு உண்மையில் ஆன செலவு என்ன, நீங்கள் வேலை பார்க்கப் பார்க்க அந்தத் தொகை மாதாமாதம் எப்படிக் குறையும். 24 மாத பாண்டில் 18 மாதம் முடித்துவிட்டுக் கிளம்பினால், கால் பங்கு கட்டினால் போதும் என்று இருக்க வேண்டும். கடைசி நாள் வரை முழுத்தொகை என்று போட்டிருந்தால் அது உங்களைக் கட்டிப்போடும் கயிறு. 'வார்டில் பழகுவதே பயிற்சி' என்பதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது எந்தப் புது நர்ஸுக்கும் அவர்கள் செய்துதர வேண்டிய கடமை. உங்களுக்குச் சொல்லியிருக்கும் மூன்று வருட பாண்டில் பயிற்சி என்ற சொல்லே இல்லை. கையெழுத்துப் போடாதீர்கள்.

சேருமுன் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள், முடிந்தால் சாயங்காலம் டியூட்டி மாறும் நேரத்தில். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எமர்ஜென்சி டிராலியைக் காட்டச் சொல்லுங்கள். மேல் தட்டில் விரலை வைத்தால் தூசு ஒட்டுகிறதா? தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை விரித்தால் பல்பு எரிகிறதா? ஆக்ஸிஜன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது? டிராலியில் தொங்கும் தாளில் தினமும் யாராவது சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா, அல்லது ஒரே பேனாவில் ஒரே நாளில் மாதம் முழுக்கப் போட்டதா? பிரசவம் பார்க்கும் இடம் என்றால் ஃப்ரிட்ஜையும் திறந்து பாருங்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஆக்ஸிடோசின், 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய மருந்து. அதன் பக்கத்தில் தெர்மாமீட்டர் இல்லாமல் சாப்பாட்டு டப்பா இருந்தால், அந்த இடத்தைப் பற்றி அதற்குமேல் விசாரிக்க வேண்டியதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான் என்றால் இதைக் கேளுங்கள்: ராத்திரியில் என்னோடு டியூட்டியில் இருக்கும் இன்னொரு பதிவு பெற்ற நர்ஸ் யார்? யாரும் இல்லை, டாக்டர் போனில் இருப்பார் என்றால் முதல் வேலையாக அது வேண்டாம், எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் சரி. பிரசவம் முடிந்த தாய்க்கு ரத்தப்போக்கு நிற்காதபோது ஒருவர் வயிற்றை அழுத்தித் தேய்க்க வேண்டும், இன்னொருவர் ஊசி போட வேண்டும். இரண்டும் ஒரே ஆளால் முடியாது. குறைந்தது முதல் மூன்று மாதம் தனி நைட் டியூட்டி கிடையாது என்று வேலை உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள். ரெஃபர் செய்தால் ஆம்புலன்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் டிரைவரிடமே கேட்டுவிடுங்கள்.

அனுபவம் செல்லுமா என்றால், செல்லும். சின்ன மருத்துவமனையில் ஒரே வாரத்தில் பிரசவம், பாம்புக்கடி, வலிப்பு, எலும்பு முறிவு எல்லாம் பார்ப்பீர்கள். நகரத்தில் ஒரே வார்டில் ஒரு வருடம் நிற்பவருக்கு அது கிடைக்காது. காகிதம் சரியாக இல்லாவிட்டால் மட்டும் மதிக்க மாட்டார்கள். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, முழுநேர வேலை, எந்தெந்தப் பிரிவு, எத்தனை படுக்கை எல்லாம் இருக்க வேண்டும். 'நன்றாகப் பணிபுரிந்தார்' என்ற ஒற்றை வரியால் பிரயோஜனம் இல்லை. செய்த வேலைகளை நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், நோயாளி பெயர் மட்டும் வேண்டாம்.

அந்தக் கிராமம் வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ இருந்தால், இப்போதுள்ள பதிவு அங்கே செல்லுமா என்று அங்குள்ள கவுன்சிலில் கேளுங்கள், ஏஜென்டிடம் அல்ல. செல்லாது என்றால் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். ஒரு கவுன்சில் இன்னொரு கவுன்சிலின் கடிதத்துக்குக் காத்திருக்கும், அது இவர்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும். நடுவில் காலம் போவது உங்களுடையது. கட்டணத்தை நேராகக் கவுன்சிலிலேயே கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு ஒன்று. முதல் சில வாரம் எல்லாம் நன்றாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் 'எனக்கு ஒன்றுமே தெரியவில்லை' என்று அழுகை வரலாம். படிப்பை விட்டு வார்டுக்குள் நுழைகிறவருக்கு வரும் இந்த அதிர்ச்சியைப் பற்றி 1974-லேயே நர்சிங் ஆய்வாளர் மார்லின் கிரேமர் விரிவாக எழுதியிருக்கிறார். அது எல்லோருக்கும் வருவது, தணிந்தும் போகும். அந்த மாதத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். சூப்பரின்டென்டன்டிடம் போய் உட்கார்ந்து, எந்த வேலையில் உங்களுக்குக் கை நடுங்குகிறது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த வேலையை ஒரு வாரம் உங்களோடு நின்று செய்ய ஒரு சீனியரைக் கொடுக்கச் சொல்லுங்கள்.