பழைய அமெரிக்கப் பாடகர்களின் தொகுப்பு ஆல்பங்களை வாங்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: சினாட்ரா, நாட் கிங் கோல், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், பிங் கிராஸ்பி எல்லோரையும் ஒரே அட்டையில் போட்டு, 'நூறு பொற்காலப் பாடல்கள்' என்கிற மாதிரிப் பெயர் வைத்து மலிவாக விற்கிறார்களே, அவை நல்லவையா, போலியா? புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் எதை எடுப்பது? ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட் பிற்காலத்தில் இதே பாடல்களைப் பாடிய தொகுதிகளே போதாதா?

போலி அல்ல. ஆனால் அட்டையின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் நேராகப் பதிவான ஆண்டு, முதலில் வெளியிட்ட நிறுவனம், வாத்தியக் குழுவை நடத்தியவர் பெயர் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துத் தொகுத்திருக்கிறார். பாட்டின் பெயரும் பாடகர் பெயரும் மட்டும்தான் என்றால், கையில் அகப்பட்டதை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அள்ளிப் போட்டதிலும் முத்து அகப்படும். ஆனால் அது எந்தக் காலத்து முத்து என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஆண்டுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? சினிமாப் பாட்டில் வளர்ந்த நமக்கு ஒரு பாட்டு என்றால் ஒரு குரல், ஒரு பதிவு. வேறு யாராவது பாடினால் அது மேடைக் கச்சேரி. அமெரிக்கர்கள் 'ஸ்டாண்டர்ட்' என்று சொல்லும் பாடல்கள் அப்படியல்ல. அவை நம் கீர்த்தனைகளைப் போல: இயற்றியவர் ஒருவர், பாடுகிறவர்கள் பலர், ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி. கோல் போர்ட்டர், இர்விங் பெர்லின், ஜெரோம் கெர்ன், கெர்ஷ்வின் சகோதரர்கள், ராட்ஜர்ஸ் – ஹார்ட் இணை, ஹெரால்ட் ஆர்லன் போன்றவர்கள் பெரும்பாலும் 1920களிலிருந்து 1950கள் வரை பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதியவை இவை. பல நாடகங்களை இன்று யாரும் மேடையேற்றுவதில்லை. பாட்டு மட்டும் நின்றுவிட்டது. அதை யார் வேண்டுமானாலும் பாடினார்கள். ஒருமுறை பாடியவரே சில ஆண்டுகள் கழித்து வேறு விதமாகவும் பாடினார்.

கோல் போர்ட்டரின் 'நைட் அண்ட் டே'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1932இல் மேடையில் ஃபிரெட் அஸ்டேர் பாடி அறிமுகமான பாட்டு. சினாட்ரா தன் பெயரில் தனியாகப் பதிவு செய்த முதல் பாடல்களில் இதுவும் ஒன்று. ஆண்டு 1942, அவருக்கு வயது 26. அந்தக் குரல் மெல்லியது, கொஞ்சம் கெஞ்சுவது. 1956இல் நெல்சன் ரிடில் கோர்த்த வாத்தியங்களுடன் அதே பாட்டைத் துள்ளலாகப் பாடுகிறார். இப்போது கெஞ்சல் இல்லை, உரிமை இருக்கிறது. 1961இல் டான் கோஸ்டாவின் வயலின் கூட்டத்தோடு நிதானமாக மறுபடியும். 1977இல் டிஸ்கோ தாளத்திலும் பாடி வைத்தார். அதைக் கேட்காமலே காலம் தள்ளலாம். உங்கள் பெட்டியில் 'நைட் அண்ட் டே – ஃபிராங்க் சினாட்ரா' என்று மட்டும் போட்டிருந்தால், இவற்றில் எது?

இதில் நிறுவனங்களின் கணக்கும் கலந்திருக்கிறது. சினாட்ரா 1943 முதல் 1952 வரை கொலம்பியாவில் பாடினார், 1953இல் கேப்பிடலுக்கு வந்தார், 1960இல் ரிப்ரைஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். தொகுப்பை எந்த நிறுவனம் போடுகிறதோ, அதன் கிடங்கில் இருப்பதுதான் 'சிறந்த பாடல்கள்'. கேப்பிடலில் ஓடிய பாட்டுகள் தன் புதிய நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்று 1963இல் அவற்றில் பலவற்றைத் திரும்பப் பாடிக் கொடுத்தார். 'ஐ'வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்' அப்படி இரண்டு உருவத்தில் இருக்கிறது. எனக்கு 1956தான். நடுவில் மில்ட் பெர்ன்ஹார்ட்டின் டிராம்போன் வெடித்துக்கொண்டு வரும் இடத்துக்காகவே அதைக் கேட்கலாம். 1963இல் வாசித்தவர் வேறு. குறையில்லை, ஆனால் அந்தத் திகைப்பு இல்லை.

பிங் கிராஸ்பியின் கதை வேறு. 'ஒயிட் கிறிஸ்மஸ்' 1942இல் பதிவானது. அந்த மூலத்தட்டிலிருந்து அச்சடித்து அச்சடித்துத் தட்டே தேய்ந்துபோனதால், 1947இல் அதே வாத்தியக் குழுவையும் அதே பின்பாட்டுக்காரர்களையும் அழைத்து, முடிந்தவரை முதலாவதைப் போலவே மறுபடி பதிவு செய்தார்கள். டிசம்பர் மாதம் கடைகளில் நாம் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

நாட் கிங் கோல் விஷயத்தில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 1961இல் வந்த மூன்று இசைத்தட்டுத் தொகுதி, 'தி நாட் கிங் கோல் ஸ்டோரி', அவருடைய பழைய வெற்றிப் பாடல்களின் அணிவகுப்பு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பழைய பதிவுகள் அல்ல; ஸ்டீரியோ வந்துவிட்டது என்பதற்காகப் புதிதாகப் பாடியவை. பின்னால் வந்த எத்தனையோ தொகுப்புகள் இங்கிருந்து எடுத்தவை. ஒலி பளிச்சென்று இருக்கும். 1940களில் அவர் பியானோ வாசித்துக்கொண்டே, கிட்டார், பாஸ் இரண்டையும் மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடிய மூவர் குழுவின் நெருக்கம் மட்டும் இருக்காது. அந்தப் பதிவுகளைத் தேடிப் பிடியுங்கள். வெல்வெட் குரலுக்குப் பின்னால் எப்பேர்ப்பட்ட பியானோக்காரர் இருந்தார் என்பது அப்போதுதான் புரியும்.

பில்லி ஹாலிடேயை எந்த ஆண்டு என்று பார்க்காமல் கேட்கவே கூடாது. 1937இல் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோனோடு சேர்ந்து பாடும் பெண்ணும், 1958இல் 'லேடி இன் சாட்டின்' ஆல்பத்தில் உடைந்த குரலில் பாடும் பெண்ணும் ஒருவரே என்று நம்புவது கடினம். இரண்டையும் அடுத்தடுத்து வைக்கும் தொகுப்பாளருக்குக் காது இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

மலிவு விலைக்கு வருகிறேன். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்பு முன்பு 50 ஆண்டுகள். 2011இல் அதை 70 ஆக்க முடிவெடுத்தார்கள்; 2013இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்குள் காலாவதியானவை திரும்பப் பாதுகாப்புக்குள் வரவில்லை. ஆகவே 1962 வரை வெளியான பதிவுகளை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலானவை 1962ஓடு சட்டென்று நின்றுவிடுவது தொகுப்பாளரின் ரசனையால் அல்ல, சட்டத்தால். இந்தியாவில் இந்தக் கெடு 60 ஆண்டுகள். அமெரிக்காவிலோ 1940களின் பதிவுகள்கூட இன்னும் பாதுகாப்பில் இருக்கின்றன. குரல் விடுதலை பெற்றாலும் பாட்டு விடுதலை பெறுவதில்லை என்பது இதில் ஒரு வேடிக்கை: ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இயற்றியவரின் உரிமைக் காலம் அவர் இறந்த பிறகே எண்ணத் தொடங்குவது. இர்விங் பெர்லின் 101 வயது வரை, 1989 வரை இருந்தார்.

சட்டப்படி சரியாக இருந்துவிட்டால் ஒலியும் சரியாக இருக்கும் என்பதில்லை. மூலத்தட்டு கையில் இல்லாத நிறுவனம் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய '78 வேக'த் தட்டிலிருந்தோ வேறொருவர் போட்ட சிடியிலிருந்தோதான் எடுக்க வேண்டும். கரகரப்பை நீக்குகிறேன் என்று கணினியில் துடைத்துத் துடைத்து, பாடகர் மூச்சு வாங்கும் ஓசையையும் சேர்த்துத் துடைத்துவிடுவார்கள். கொஞ்சம் கரகரப்பு பரவாயில்லை; பஞ்சு அடைத்த காதில் விழுவது போன்ற குரல் வேண்டாம். 1960களின் இசைத்தட்டுகள் வாங்குபவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு: ஒற்றை ஒலித்தடத்தில், அதாவது மோனோவில், பதிவானதைச் செயற்கையாக இரண்டாகப் பிரித்து ஸ்டீரியோ என்று விற்றார்கள். கேப்பிடல் அதற்கு டியோஃபோனிக் என்று பெயரும் வைத்தது. அட்டையில் அந்தச் சொல் இருந்தால் மோனோப் பிரதியைத் தேடுங்கள்.

1943ஆம் ஆண்டுப் பதிவுகளில் வாத்தியமே இல்லாமல் பின்பாட்டுக் குழு மட்டும் முனகிக்கொண்டிருந்தால் தட்டில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். 1942 ஆகஸ்ட் முதல் வாத்தியக் கலைஞர்களின் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. பெரிய நிறுவனங்கள் சில 1944 நவம்பர் வரை இறங்கி வரவில்லை. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. அதனால் சினாட்ரா மனிதக் குரல்களையே வாத்தியமாக வைத்துக்கொண்டு பாடினார்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? பல பாடகர்கள் கலந்த பெட்டியைவிட, ஓர் இயற்றுநரை எடுத்துக்கொண்டு ஒரே பாடகர் பாடிய தொகுதியிலிருந்து தொடங்கச் சொல்வேன். தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ், தான் தொடங்கிய வெர்வ் நிறுவனத்துக்காக எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டை வைத்து 1956 முதல் 1964 வரை எடுத்த எட்டு 'சாங்புக்' தொகுதிகள் இதற்கு வாகானவை. முதலாவது கோல் போர்ட்டர். 1959இல் வந்த கெர்ஷ்வின் தொகுதி ஐந்து இசைத்தட்டு நீளம், வாத்தியக் கோர்ப்பு நெல்சன் ரிடில். அதை ஒரே மூச்சில் கேட்க முயலாதீர்கள். இவற்றில் இன்னொரு லாபம் உண்டு. இந்தப் பாடல்களில் பலவற்றுக்கு, எல்லோரும் முணுமுணுக்கும் பகுதிக்கு முன்னால், நாடகக் காட்சியிலிருந்து பாட்டுக்குள் இறங்கும் ஒரு முகப்புப் பகுதி உண்டு. மூன்று நிமிடத் தட்டுகளில் அதை வெட்டிவிடுவது வழக்கம். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பல இடங்களில் அதையும் பாடுகிறார். அதைக் கேட்ட பிறகு பாட்டின் பொருளே மாறிவிடுவது உண்டு.

இந்த எண்ணம் கிரான்ஸுக்கு முன்பே வேறு ஒருவருக்கு வந்துவிட்டது என்பதைப் பலர் சொல்வதில்லை. லீ வைலி என்ற பாடகி 1939இல் கெர்ஷ்வின் பாடல்களையும், அடுத்த ஆண்டு போர்ட்டர், ராட்ஜர்ஸ் – ஹார்ட் பாடல்களையும் தனித்தனித் தொகுதிகளாக 78 வேகத் தட்டுகளில் பாடியிருந்தார். லேசான புகை படிந்த குரல். மலிவுப் பதிப்புகளுக்கு நான் நன்றி சொல்வது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். பெரிய நிறுவனங்கள் மறந்துவிட்டவர்களை அவைதான் கண்ணில் காட்டுகின்றன.

எல்லாவின் குரலிலேயே என் சொந்த விருப்பம் வெர்வ் தொகுதிகள் அல்ல. 1950இலும் 1954இலும் டெக்கா நிறுவனத்துக்காக எல்லிஸ் லார்கின்ஸின் பியானோவை மட்டும் வைத்துக்கொண்டு அவர் பாடியவை. இரண்டையும் சேர்த்து 'ப்யூர் எல்லா' என்ற சிடியாகப் பின்னர் வெளியிட்டார்கள். தொகுப்பு ஆல்பம் என்றால் இப்படி இருக்க வேண்டும்: ஒரே மனநிலை, ஒரே துணை, ஒட்டுப் போட்ட தடம் தெரியாது.

இணையத்தில் கேட்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே காட்டப்படும் ஆண்டு பல சமயம் அந்தத் தொகுப்பு ஏற்றப்பட்ட ஆண்டு. 2012 என்று போட்டிருக்கும் பாட்டு 1938இல் பதிவானதாக இருக்கலாம். பாடகர் பெயரோடு மூல ஆல்பத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

ராட் ஸ்டூவர்ட் பற்றி: 2002இல் தொடங்கிய அந்த வரிசையால் லட்சக்கணக்கானோர் இந்தப் பாடல்களுக்குள் வந்தார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பிற்காலத்து ராக் பாடகர்களில் ஒருவரைத்தான் கேட்பேன் என்றால் லிண்டா ரோன்ஸ்டட் 1983இல் பாடிய 'வாட்'ஸ் நியூ'வை எடுங்கள். அதில் வாத்தியங்களைக் கோர்த்தவர் 1956இல் சினாட்ராவுக்குக் கோர்த்த அதே நெல்சன் ரிடில்.