பேரனை என்னோடு படுக்க விடமாட்டேன் என்கிறாள் மருமகள்

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 72. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்வெட்டு, அம்மா புல்வெட்டு. பன்னிரண்டு வயதிலேயே விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அப்பாவோடு போய், பால் பிடிக்கும் மங்கு துடைத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் பள்ளிக்கூடம். கஷ்டம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் மருமகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் டவுனில் வளர்ந்த பெண்.

1972இல் ராணுவத்தில் சேர்ந்தேன். போர்ட்டிக்சனில் பயிற்சி, பிறகு ரேஞ்சர் படை. கிரீக் காட்டிலும் தாய்லாந்து எல்லையிலும் கம்யூனிஸ்ட்காரர்களைத் தேடி வாரக்கணக்கில் அலைந்திருக்கிறேன். 12 வருடம். 21 வருடம் முடித்தால்தான் பென்ஷன், அதனால் எனக்கு அதுவும் இல்லை. 1984இல் வெளியே வந்து லாரி ஓட்டினேன், பிறகு ஒரு தொழிற்சாலையில் ஜாகா (காவல்காரர்) வேலை. மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். யாரிடமும் ஒரு வெள்ளி கடன் இல்லை.

விஷயம் இதுதான். மகன் ஷா ஆலாமில் இருக்கிறான். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருவான். பேரனுக்கு ஏழு வயது. தாத்தா தாத்தா என்று என்னையே சுற்றிச் சுற்றி வருவான். மூன்று மாதத்துக்கு முன் வந்தபோது என்னோடுதான் படுப்பேன் என்று அடம்பிடித்து வந்து படுத்தான். நடுராத்திரியில் என் மேல் காலைப் போட்டிருக்கிறான். தூக்கத்தில் தட்டிவிட்டேன். அவ்வளவுதான். பையனுக்குக் கை நீலம் பாய்ந்துவிட்டது என்று மருமகள் ஆர்ப்பாட்டம் செய்தாள். பிள்ளைகளுக்கு அடி படாதா? நான் வளர்ந்த தோட்டத்து லயத்து வீட்டில் எத்தனை அடி வாங்கியிருப்பேன்! அன்றிலிருந்து அவனை என் அறைப் பக்கம் விடுவதில்லை. போன மாதம் வந்தபோதும் அவளே பக்கத்தில் படுக்க வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். சொந்தப் பேரனை!

மகனும் வாய் திறக்கவில்லை. "அப்பா, ஒரு டாக்டரைப் பார்க்கலாமா?" என்கிறான். எங்கள் ஊருக்குத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை தூரமில்லை. அவன் எதைச் சொல்கிறான் என்று எனக்குப் புரியாதா? 

ஜூலை 31 வந்தால் வீரர்கள் தினம் என்று டிவியில் காட்டுகிறார்கள். இந்த வீட்டில் ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்பதில்லை. என் மெடல் அலமாரியில் பழைய சேலைகளுக்குக் கீழே கிடக்கிறது. எனக்கு முன்னால் நடந்தவன் கண்ணிவெடியில் காலை இழந்தான், அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். அதெல்லாம் பழைய கதை, விடுங்கள். ஆனால் அப்படிப்பட்டவனை நம்பி ஒரு பிள்ளையைப் படுக்க வைக்க மாட்டாளாம்.

மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. முதுகுவலி என்பதால் மூன்று மாதமாக ஹாலில் சாய்வு நாற்காலியில்தான் தூங்குகிறேன். காலையில் வீட்டுக்காரி வாசற்படியில் நின்றே ஒட்டடைக்கம்பால் நாற்காலிக் காலைத் தட்டி எழுப்புவாள். கல்யாணமான நாளிலிருந்து, 46 வருடமாக, அவள் எழுப்புவது கம்பால்தான். சர்க்கரை, பிரஷர் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது.

மருமகளுக்குப் புத்தி சொல்லும்படி நீங்கள் நாலு வரி எழுதினால் மகனிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ராணுவ வீரர்

*

அன்புள்ள ஐயா,

நாலு வரி எழுதுகிறேன். ஆனால் அதை மகனிடம் காட்டுவீர்களா என்பது சந்தேகம்தான்.

உங்கள் கடிதத்தில் மருமகள் நான்கைந்து இடங்களில் வருகிறார். மனைவி கடைசியில், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் முன்னால், இரண்டு வாக்கியத்தில் வந்து போகிறார். நான் அந்த இரண்டு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எந்தப் பெண்ணும் புருஷனை எழுப்ப ஒட்டடைக்கம்பை எடுத்துக்கொண்டு புகுந்த வீட்டுக்கு வருவதில்லை. கல்யாணமான புதிதில், நீங்கள் காட்டிலிருந்து லீவில் வந்த ஏதோ ஒரு ராத்திரி, அவர் உங்கள் தோளைத் தொட்டு எழுப்பியிருப்பார். அதற்கு அப்புறம் தொடவில்லை. அன்று என்ன நடந்தது என்று அவர் உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருந்தால் நீங்கள் "எழுப்புவது கம்பால்தான்" என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்க மாட்டீர்கள். அவர் ஒரு கம்பின் நீளத்தைக் கணக்குப் போட்டு, அந்தத் தூரத்தில் நின்றுகொண்டு 46 வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார். உங்களுக்கு முகம் சுருங்கக் கூடாது என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. மருமகள் செய்தது என்ன? மாமியார் இத்தனை காலம் சத்தமில்லாமல் செய்ததைக் கதவைச் சாத்தி, எல்லாருக்கும் தெரியும்படி செய்தார். அதனால்தான் உங்களுக்கு வலிக்கிறது.

அடுத்தது அந்த நாற்காலி. முதுகுவலிக்காரர் யாராவது சாய்வு நாற்காலியில் மூன்று மாதம் தூங்குவாரா, ஐயா? அதுவும் சரியாகப் பேரனுக்கு அடிபட்ட அந்த மூன்று மாதம். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பையனின் கையில் இருந்த நீலத்தை நீங்களும் பார்த்தீர்கள். தூக்கத்தில் உங்கள் கைகள் என்ன செய்யும் என்று உங்களுக்கே பயம் வந்துவிட்டது. கடிதம் முழுக்க மருமகள் மேல் இருக்கும் கோபம் அந்தப் பயத்துக்குப் போட்ட போர்வை என்று நினைக்கிறேன். அவர் உங்களை நம்பவில்லை என்கிறீர்கள். மூன்று மாதமாக நீங்களே உங்களை நம்பாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்களே.

இந்த இடத்தில் நான் மருமகள் பக்கம்தான். தூங்கும் பிள்ளைக்குக் காவல் இருந்தது குற்றமாகாது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலைதானே அது.

உங்கள் வாழ்க்கையை வரிசையாக வைத்துப் பார்த்தேன். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்ட்காரர்களை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் அதை ஒட்டித்தான் பிறந்தது. அதற்கு ஐந்து வருடம் கழித்து நீங்கள் பிறந்தீர்கள். முள்வேலியும் ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடுமாகத் தோட்டத்து ஜனங்கள் இருந்த காலம். 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தபோது உங்களுக்கு இப்போது உங்கள் பேரனுக்கு இருக்கும் வயது. அந்தத் தேதியைத்தான் வீரர்கள் தினமாக டிவியில் பார்க்கிறீர்கள். பிறகு இருட்டில் பால்காடு, அப்புறம் கிரீக் காடு, அதற்கும் அப்புறம் ராத்திரி ஜாகா. ஆக, நிம்மதியாகக் கால் நீட்டித் தூங்கு என்று உங்கள் உடம்புக்கு யாரும் சொன்னதே இல்லை. கம்யூனிஸ்ட் கட்சி 1989 டிசம்பர் 2ஆம் தேதி தாய்லாந்து ஹாட்யாயில் கையெழுத்துப் போட்டு ஆயுதத்தைக் கீழே வைத்தது. அந்தச் செய்தி உங்கள் உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நடுராத்திரி மேலே விழுந்தது பேரன் கால் என்று அதற்குத் தெரியாது.

இது பைத்தியம் இல்லை. போருக்குப் போய் வந்தவர்களிடம் காலம் காலமாகப் பார்த்த விஷயம்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதற்கு ஒரு பெயர் கொடுத்துத் தன் பட்டியலில் சேர்த்ததே 1980இல்தான். அப்போது நீங்கள் இன்னும் சீருடையில் இருந்தீர்கள். உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மகன் டாக்டர் என்றதும் தஞ்சோங் ரம்புத்தான் என்று நீங்களே முடிவு கட்டியிருக்கிறீர்கள். நம் ஜனங்கள் அந்த ஊர்ப் பெயரை வசவாக்கி எத்தனையோ பேரை வைத்தியத்துக்குப் போகவிடாமல் செய்திருக்கிறார்கள், எனக்கு அதில் தனிக் கோபமே உண்டு. சர்க்கரைக்குப் போகும் அதே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்கில்) சொன்னால் போதும், அவர்களே எழுதி அனுப்புவார்கள். தூக்கத்தில் கை ஓங்குகிறேன் என்று அப்படியே சொல்லுங்கள். கனவு காணும் நேரத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கிடக்க வேண்டும். வயதான ஆண்களில் சிலருக்கு அந்தப் பிடி விட்டுப்போய், கனவில் அடிப்பது படுக்கையிலும் அடியாக விழும். அது சில வேளை நரம்புக் கோளாறுக்கு, பார்க்கின்சன் நோய்க்குக்கூட, முன்னறிகுறியாக இருக்கலாம். 46 வருடக் கணக்கைப் பார்த்தால் உங்களுடையது காட்டிலிருந்து வந்தது என்றுதான் படுகிறது. ஆனாலும் கடிதத்தை வைத்து நான் அறுதியிட்டுச் சொல்லக் கூடாது, டாக்டர் பார்க்கட்டும். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு, 72 வயதிலும்.

பென்ஷன் விஷயத்தில் உங்கள் மனக்குறை நியாயமானது. முன்னாள் வீரர்களுக்கான அரசாங்க இலாகாவில் விசாரியுங்கள். ஆனால் அந்தக் குறையை மருமகள் தலையில் இறக்க வேண்டாம். வீட்டில் யாரும் கேட்பதில்லை என்கிறீர்கள். "பழைய கதை, விடுங்கள்" என்று நீங்கள் எனக்கே சொன்னீர்கள். வீட்டிலும் அதையே சொல்லியிருந்தால் அவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

பேரனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்: தாத்தாவுக்கு ராத்திரியில் கெட்ட கனவு வரும், அதனால் நாம் பகலில் ஒன்றாக இருப்போம், ராத்திரி நீ அம்மாவிடம் படு. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். தாத்தாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லையோ என்று அவன் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தால், அதற்கும் பதில் கிடைக்கும். மருமகளிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். மன்னிப்பு என்று பெரிதாக வேண்டாம், "நீ செய்தது சரிதான் அம்மா" என்றால் போதும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. நாளைக் காலை கம்பு நாற்காலிக் காலைத் தட்டும். எழுந்ததும் மனைவியை உட்காரச் சொல்லி, அன்று ராத்திரி என்ன நடந்தது என்று கேளுங்கள். முதலில் "ஒன்றுமில்லை" என்பார். இன்னொரு தடவை கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.